சந்தனம் வைத்த பெட்டி

பசுமலையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுற்றி 'காயில்' கட்டும் பட்டறையில் நானும் மேலூர்க்காரன் ஒருவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். எண்பதுகளில் எங்கள் முதலாளி, தூத்துக்குடிக்கு வந்துபோகும் ஒரு சரக்குக் கப்பலில் சர்வீஸ் வேலையும் பிடித்தார். வண்டியூர்த் தெப்பக்குளத்தைவிடப் பெரிய தண்ணீரைப் பார்த்திராத எங்களைத்தான் அனுப்பினார்.

கப்பலின் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்க, உள்பக்கம் ஒரு கருவியைப் பதித்திருந்தார்கள். அது எழுப்பும் ஒலி மனிதக் காதுக்குக் கேட்காது. ஓடுகிறதா என்று மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஓடுகிற எந்திரம் உறும வேண்டாமா? அவனுக்கோ அதன்மேல் தனிப் பிரியம்.

அன்று ஆயுத பூஜை. கழன்றிருந்த ஒயரைப் பற்றவைத்து, மீட்டரில் சரிபார்த்து முடித்தோம். அவன் அந்தக் கருவியின் ஸ்விட்ச் பெட்டியைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஸ்விட்சை அணைத்தான். பூஜை போட்ட எந்திரத்தை மறுநாள் காலைவரை ஓட்டக் கூடாது. எங்கள் பக்கம் எந்தப் பட்டறையிலும் அதுதான் வழக்கம். கப்பல் கிளம்ப இரண்டு நாள் இருந்தது. காலையில் வந்து போட்டுவிடலாம் என்றான். எனக்கும் அது சரியாகவே பட்டது.

மறுநாள் போனால் அங்கே வேறு கப்பல் நின்றது. சரக்கு முன்னதாகவே ஏற்றி முடிந்ததால் எங்களுடையது விடியும் முன்பே போய்விட்டதாம்.

ஊர் திரும்பியதும் அவன் முதலாளியிடம் நடந்ததைச் சொல்லி, கப்பலுக்கு வயர்லெஸ்ஸில் தகவல் கொடுங்கள், ஸ்விட்சைப் போட்டால் போதும் என்று கெஞ்சினான். காண்ட்ராக்ட் போய்விடும், வாயைத் திறக்காதே என்றார் அவர். எங்கெங்கோ மாதக்கணக்கில் நின்றுவிட்டுக் கப்பல் திரும்பியபோது அடியெல்லாம் சிப்பி. பெட்டியில் சந்தனம் காய்ந்து அப்படியே இருந்தது. சாட்சிக்கு வேறென்ன வேண்டும்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். முதலாளி அவனை வேலையை விட்டு நிறுத்தினார்.

அடுத்த ஆயுத பூஜைக்குப் பொரிகடலை வாங்கிக்கொண்டு மேலூர் போனேன். வயல் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தான். ஸ்பேனரும் திருப்புளியும் சாக்கில் கிடந்தன; ஒன்றிலும் பொட்டில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வயல் நிறைந்து, தண்ணீர் வரப்பைத் தாண்டிப் பாதைக்கு வந்திருந்தது. அணைக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தொடாத மாப்ள, ஓடட்டும்."

"அம்புட்டுத் தண்ணியும் வீணாப் போகுதுடா."

"போகட்டும். இனி எதையும் என் கையால நிறுத்த மாட்டேன்."

வீட்டிலிருந்து அவன் மனைவி நனைந்த சேலையோடு வந்து ஸ்விட்சை அணைத்தாள். தினமும் அவள்தான் வந்து அணைக்கிறாளாம்.