பரமேஸ்வரி அக்காவின் ஒற்றை மைக்

பரமேஸ்வரி அக்கா போய்விட்டார் என்ற செய்தி எனக்குத் தொலைபேசியில்தான் வந்தது. இருபத்தெட்டு வருடம் தொலைபேசி இலாகாவில் ஆப்பரேட்டராக உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டவரின் செய்தி வேறு எப்படி வரும்? போர்ட் கிள்ளானில் நான் வேலை செய்யும் கப்பல் ஏஜென்சியில் காலை டீ வந்திருந்த நேரம். அக்காவின் தம்பி பேசினார். "காலம்பற போயிட்டாங்க, தூக்கத்துலயே. நீங்க வந்துடுங்க" என்றார். சரி என்று ரிசீவரை வைத்தேன். டீ அப்படியே ஆறிப்போனது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, திக்கென்று ஒரு பயம். அக்கா மேல் ஒரு பழி இருந்தது. அது அவருடையது இல்லை, என்னுடையது. அவர் உயிரோடு இருக்கும்போதே சம்பந்தப்பட்டவர்களிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று பதினேழு வருடமாக நினைத்து, அடுத்த வாரம், அடுத்த பொங்கல் என்று தள்ளிப்போட்டவன் நான். கோழை என்றால் கோபித்துக்கொள்ள மாட்டேன். அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவை நீங்கள் பேஞ்சோவோடுதான் பார்த்திருப்பீர்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஓர் அமெரிக்க இளைஞர் குடியிருந்தார், பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்க வந்தவர். ஊர் திரும்பும்போது தூக்கிக்கொண்டு போக முடியாமல் பேஞ்சோவையும் ஒரு கட்டு இசைத்தட்டுகளையும் அக்காவிடம் கொடுத்துவிட்டார். வட்டமாகத் தோல் கட்டி, நீளமாகக் கழுத்து வைத்த அந்த வாத்தியத்தைப் பார்த்து அக்காவின் அம்மா, "என்னடி இது, சட்டிக்குக் கம்பி கட்டி வெச்சிருக்கு?" என்றாராம். இசைத்தட்டுகளில் இருந்தது புளூகிராஸ். அமெரிக்க மலைநாட்டுச் சனங்களின் பாட்டு. மேளம் கிடையாது, மின்சாரக் கித்தார் கிடையாது. எல்லாம் கம்பி வாத்தியம், எல்லாம் அசுர வேகம். அந்தக் காலத்து ரெக்கார்டு பிளேயரில் பதினாறு என்று ஒரு வேகம் இருந்தது. யாரும் தொடாத வேகம். அதில் தட்டைப் போட்டால் பாட்டு பாதி வேகத்தில் முனகும். அப்படி முனகவிட்டு, ஒவ்வொரு சுரமாகப் பிடித்து, இரண்டு வருடத்தில் அக்கா தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டார்.

அக்காவின் பேண்டில் நான் சேர்ந்தது ஒரு கல்யாண வீட்டில். கோயில் வகுப்பில் கர்நாடக வயலின் படித்தவன் நான். கொஞ்சம் திமிரும் உண்டு. "நம்ம பேண்டுக்கு ஒரு ஃபிடில் வேணும், வரியா?" என்று அக்கா கேட்டார். போனேன். வழக்கம்போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வைத்தேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "எழுந்து நில்லுலா! இங்க யாரும் ஒனக்கு ஜமுக்காளம் விரிக்கல" என்றார். நின்றால் எனக்கு வயலின் நழுவியது, வில் நடுங்கியது. ஒரு மாதம் தோள்வலியில் கையைத் தூக்கிச் சட்டை போட முடியவில்லை. கிள்ளானில் சைக்கிள் கடை வைத்திருந்த சீனன் ஆ செங்தான் கித்தார். ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்ததால் என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவான்.

நிற்க வேண்டியதற்குக் காரணம் இருந்தது. புளூகிராஸ்காரர்களுக்கு ஒரே மைக்தான். எல்லாரும் அதைச் சுற்றி நிற்பார்கள். பல்லவி முடிந்ததும் ஒருவர் முன்னே வந்து தன் வாத்தியத்தில் ஒரு சுற்று வாசிப்பார், உடனே விலகுவார், அடுத்தவர் நுழைவார். அக்கா அதை வேதமாக வைத்திருந்தார். எனக்கோ கை சூடேறினால் இறங்க மனம் வராது. இரண்டாவது சுற்றைத் தொட்டேனோ இல்லையோ, விலாவில் அக்காவின் முழங்கை இறங்கும். "சொல்லிட்டியா? நகரு" என்பார். ஆ செங் கித்தாரை நிறுத்தாமலே, "அவன் நகர மாட்டான்க்கா, வேர் விட்டுட்டான்" என்பான்.

எழுபதுகளின் கடைசியில், கேரி தீவுக்குப் போகும் வழியில் ஒரு ரப்பர் தோட்டம் கைமாறியது. வாங்கிய கம்பெனி அங்கே வீட்டுமனை போடப் போகிறதாம். இரண்டு தலைமுறையாக லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த நாற்பது குடும்பங்களுக்குக் காலி பண்ணச் சொல்லிக் கடிதம் வந்தது. மாற்று வீடு பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அக்கா அரசாங்க உத்தியோகஸ்தர், அரசியல் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. ஆனாலும் சனி ஞாயிறுகளில் பஸ் பிடித்து அங்கே போய்விடுவார். கூட்டம் போட போலீஸ் பெர்மிட் கிடைக்கவில்லை. கலைநிகழ்ச்சிக்கு மட்டும் கிடைத்தது. பேச்சு கூடாது, பாட்டு பாடலாம். "போதும்லா. பாட்டுக்கு நடுவுல ஆளுக்கு ஒரு சுத்து வரட்டும், வாத்தியத்துக்குப் பதிலா வாய்" என்றார் அக்கா.

அந்தச் சாயங்காலத்தை நான் மறக்க மாட்டேன். லயத்து முன்னால் பலகை மேடை, ஒரே மைக். நாங்கள் பல்லவி வாசித்துத் தணிப்போம், ஒருவர் முன்னே வந்து தாளத்துக்குள் தன் குறையைச் சொல்லிவிட்டு விலகுவார். கண்காணிக்க வந்திருந்த போலீஸ் இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இனி லாகு கா, செராமா கா?" என்றார். பாட்டா, அரசியல் கூட்டமா என்று கேட்கிறார். "லாகு, துவான். சரணம்தான் கொஞ்சம் அதிகம்" என்று அக்கா மலாயில் சிரிக்காமல் சொன்னார். மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தார். ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டும் அஞ்சலையின் முறை வந்தது. மைக்கைப் பிடித்தவருக்கு வாய் வரவில்லை. ஒரு சுற்று போனது, இரண்டு, மூன்று. அக்கா எங்களை நிறுத்தவிடவில்லை, அஞ்சலையை நகரவும் சொல்லவில்லை. நாலாவது சுற்றில் அஞ்சலை சொன்னார்: "நான் பொறந்தது பதினாலாம் நம்பர் வீடு. கட்டிக்கிட்டு வந்ததும் அதே வரிசைதான். எங்கள வேற எங்க போகச் சொல்றீங்க?" அவ்வளவுதான். ஆ செங் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் என் கைங்கரியம். பெரிய மனிதர் ஒருவர் கைவைத்தால்தான் காரியம் நடக்கும் என்று நம்பினேன். கொஞ்சம் பேர் வாங்கும் ஆசையும் இருந்தது, இல்லை என்று சொன்னால் வாய் கூசும். யாரிடமும் கேட்காமல், அந்தப் பகுதி ஒய்.பி.யை, அதாவது சட்டமன்ற உறுப்பினரை, அடுத்த நிகழ்ச்சிக்கு அழைத்துவிட்டேன். வந்தார். மாலை, பொன்னாடை, கைதட்டல். மைக்கைப் பிடித்தார். விடவில்லை! பல்லவி வந்தது, போனது, மறுபடி வந்தது. அக்கா முழங்கையை நீட்டிப் பார்த்தார், எட்டவில்லை. "கம்பெனிகிட்ட நான் பேசிட்டேன். உங்க வீட்ட யாரும் தொட முடியாது. நான் பாத்துக்கறேன்" என்று முக்கால் மணி நேரம் முழங்கினார். இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து நிகழ்ச்சியை நிறுத்தினார். இனி அந்த இடத்தில் பாட்டுக்கும் பெர்மிட் இல்லை. சனங்களோ ஒய்.பி. பார்த்துக்கொள்வார் என்று நிம்மதியாக இருந்துவிட்டார்கள். பத்தே நாளில் இறுதி நோட்டீஸ் கதவில் ஒட்டியிருந்தது.

மறுநாள் எல்லாரும் கூடினார்கள். "அந்த ஆள யாரு கூட்டியாந்தது? எங்கள வித்துட்டீங்களா?" என்று ஒரு பெரியவர் கத்தினார். "நான்தான்" என்றார் அக்கா. பெரியவர் எழுந்து போய்விட்டார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் வரும்போது, "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "ஃபிடில் இல்லாம நான் எப்படி வாசிக்கிறது?" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். கிள்ளான் ஆபீசில் கம்பெனி மேனேஜர் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார். "உங்க தலைவர் யாரு? அவர் மட்டும் உள்ள வரட்டும்" என்றார். தலைவரைத் தனியே அழைத்து, அவருக்கு மட்டும் ஒரு வீட்டைக் கொடுத்து மற்றவர்களைக் கலைப்பது அப்போது பல இடங்களில் நடந்த கதை. இவர்களிடம் தலைவரே இல்லை. பாட்டில் பழகியதுபோல ஒவ்வொருவராக உள்ளே போய், ஒரு விஷயம் சொல்லிவிட்டு வெளியே வந்து, அடுத்தவரை அனுப்பினார்கள். அக்கா உள்ளே போகவே இல்லை. "இது அவங்க பாட்டு" என்று படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். மூன்று தடவை இப்படி நடந்தது. மூன்றாம் தடவை மேனேஜர், "வீடு தர்றோம், போங்க" என்றார். உள்ளே இருந்தது அஞ்சலை. "எழுதிக் குடுங்க சார். வாயால சொன்ன ஆள நாங்க பாத்துட்டோம்" என்று நின்றுவிட்டார். நாற்பது குடும்பத்துக்கும் எழுத்தில் வந்தது, அதன்படி வீடும் வந்தது.

வீடு வந்த பிறகாவது நான் சொல்லியிருக்கலாம். அந்தக் குடியிருப்பில் வருடா வருடம் பொங்கலுக்கு வாசிக்கக் கூப்பிடுவார்கள். எனக்கு முதல் பந்தியில் இலை போடுவார்கள். சாப்பிட்டு ஏப்பம் விட்டு வந்துவிடுவேன். ச்சே!

செய்தி வந்த அன்று பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு அஞ்சலை வேன் பிடித்து ஆட்களோடு வந்திருந்தார். அந்தப் பெரியவர் முன்பே காலமாகிவிட்டார். பந்தல் ஓரத்தில் அஞ்சலையைத் தனியே நிறுத்தி, ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். ஒய்.பி.யை அழைத்தது அக்கா இல்லை, நான். அஞ்சலை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயோ தம்பி, இத சொல்லவா மூஞ்ச இப்படி வெச்சிருந்தீங்க? எங்களுக்கு அப்பவே தெரியும்லா."

"யார் சொன்னது?"

"அக்காதான். அடுத்த ஞாயித்துக்கிழமையே தனியா வந்தாங்க. தண்ணி பிடிக்கிற பைப்படியில எல்லாரையும் கூப்பிட்டு, 'உங்ககிட்ட பொய் சொல்லிட்டு நிக்க முடியல. கூப்பிட்டது ஃபிடில்காரன். நல்லது நடக்கும்னு நெனச்சுதான் செஞ்சான். உங்களுக்குத் தெரியும்னு மட்டும் காட்டிக்காதீங்க, வெக்கப்பட்டு வராம போயிடுவான்'னாங்க. கோவிச்சுக்கிட்டுப் போனாரே பெரியவரு, அவருதான் மொதல்ல சரின்னாரு."

சாவு வீடு என்பதையும் மறந்து சிரித்துவிட்டேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. அஞ்சலை முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

அந்த லயத்துப் பைப்படியைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஒருத்தர் வீட்டில் குழம்பு தீய்ந்தால் அது அரை நாளில் கடைசி வீட்டுக்கு எட்டிவிடும். அப்படிப்பட்ட நாற்பது குடும்பம், பிள்ளைகுட்டிகளோடு, என் ஒருவனுக்காகப் பதினேழு வருடம் வாயைக் கட்டிக்கொண்டு, வருடா வருடம் எனக்கு முதல் இலையும் போட்டிருக்கிறது. பேஞ்சோவை அக்காவின் தம்பி வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அக்கா கொடுத்துவிட்டுப் போனது இந்த நாற்பது குடும்பத்தை. வரும் பொங்கலுக்கும் போகிறேன், சாப்பிடும்போது அவர்கள் முகத்தைப் பார்த்துச் சாப்பிடுவேன்.