குட்டையில் ஏறிய சிவப்பு

அறுபதுகளின் கடைசியில் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தேன். மிஞ்சிய சாயத் தண்ணீரை ஆறவிடப் பொறுமையில்லாமல் சூடாகவே பின்பக்கக் குட்டையில் கொட்டுவேன். ஒரு மழைக்காலத்தில், அந்தத் தண்ணீர் விழும் இடத்துப் புல்லில் ஒட்டியிருந்த மீன்முட்டைகள் செக்கச்செவேலென்று இருந்தன. தண்ணீர் ஆறிப்போய்ச் சேரும் எதிர்க்கரை முட்டைகளில் லேசான ரோஸ்தான்.

“சூட்டுலதான் சாயம் ஏறும், பாத்தியா!” என்றேன் மனைவியிடம். நூலைச் சோதிக்கும் பழக்கத்தில் ஒரு சிவப்பு முட்டையை அலசி, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டில் ஒற்றினேன். “துளிகூட சாயம் வுடல!” அதில் பெருமை வேறு.

அவள் இரண்டு கரை முட்டைகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

“அந்த ரோஸுல கறுப்பா கண்ணு அசையுது. இந்தச் செவப்புல ஒண்ணுத்துலயும் கண்ணையே காணமே.”

கறைபடாத அந்தத் துண்டைத் திரும்பத் தோளில் போட எனக்குக் கூசியது.