கண்ணு முன்னால என்ன தெரியுது?

செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது செல்போன் திரையில் காதர் பெயர் வந்தது. வாய் நிறைய நுரையோடு, "சொல்லு மாப்ள, பென்ஷன் உடம்புக்கு இந்நேரமே முழிப்பா?" என்றேன். பேசியது அவன் மகன். "மாமா, அத்தா போயிட்டாங்க. தொழுதுட்டு வந்து உக்காந்தவங்க எந்திரிக்கலை." திரையில் அப்போதும் காதர் பெயர்தான் இருந்தது. முந்தின நாள்தான் பேகம்பூரில் சேர்ந்து டீ குடித்தோம். இதை எழுதும்போதும் எனக்கு நம்ப முடியவில்லை.

நம் முன்னாள் ராணுவத்தார் சங்கத்தில் அவனைத் தெரியாதவர் இல்லை. நான் உயிரோடு இருப்பதே அவனால்தான் என்பதை மட்டும் இங்கே சொன்னதில்லை. சொன்னால் என் மடத்தனமும் கூடவே வெளியே வரும்.

ராஜஸ்தான் மணலில் பீரங்கிப் பயிற்சி. அதுவரை தளபதியின் கூடாரத்தில் காகித வரைபடமும் குண்டூசியும்தான். அந்த வருஷம் கம்ப்யூட்டர் வந்தது. முன்னால் போன ஒவ்வொரு குழுவும் தான் நிற்கும் இடத்தின் எண்ணைக் கைக்கருவியில் தட்டினால் திரையில் பச்சைப் புள்ளி தெரியும். அதைப் பார்த்துத்தான் தளபதி உத்தரவு போடுவார். எங்கள் குழுவில் தட்டுகிற வேலையை, பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை தோற்ற என்னிடம் கொடுத்தார்கள். இரண்டு இலக்கங்களை இடம் மாற்றித் தட்டினேன். எங்கள் புள்ளி வேறெங்கோ போய் உட்கார்ந்தது. ஐந்து பேர் நின்றிருந்த மேடு திரையில் காலி. தளபதி அந்த மேட்டையே குறிவைக்கச் சொன்னார்.

அந்த உத்தரவைப் பீரங்கிகளுக்கு வயர்லெஸில் சொல்ல வேண்டியவன், தளபதியின் கூடாரத்தில் இருந்த காதர். சொல்லவில்லை. "மேடு காலி, பிறகென்ன தாமதம்?" என்று தளபதி சீறியிருக்கிறார். "காலிதான் சார். ஆனா நம்பர் தட்டினவன் எங்க ஊர்க்காரன். அவன் கணக்கு எனக்குத் தெரியும். ஒரு தடவை கேட்டுக்கிறேன்" என்று இந்தியில் சொன்னானாம்.

வயர்லெஸில் தமிழ் பேசக் கூடாது. என் செட்டில் தமிழ் வந்தது.

"ஏலே, நம்பரெல்லாம் வேணாம். கண்ணு முன்னால என்ன தெரியுது?"

"மேட்டு மேல நிக்கிறோம். கீழ ஒடைஞ்ச தண்ணித் தொட்டி, ஒத்த மரம். ஏன் மாப்ள?"

குறிவைத்த மேட்டின் அடியில் வரைபடத்திலும் அதே தொட்டி, அதே மரம் இருப்பதைப் பார்த்தானாம். பிறகு, "ஒண்ணுமில்ல. அங்கயே நில்லு" என்றான். அந்த உத்தரவு பீரங்கிகளுக்குப் போகவே இல்லை.

தமிழ் பேசியதற்கு அவனுக்குத் தண்டனை, தப்பாகத் தட்டியதற்கு எனக்கு. புள்ளி தெரிந்தாலும் குரலில் கேட்டுச் சரிபார்த்த பிறகே உத்தரவு என்று தளபதி எழுதிப் போட்டார். "கணக்குல பெயிலானவனுக்காகச் சட்டமே போட்டுட்டாங்கடா" என்று கடைசிவரை கிண்டலடித்தான்.

என் மகள் மதுரை ஹாஸ்டலில் படிக்கிறாள். பஸ்ஸிலிருந்து அவள் அனுப்பும் குறுஞ்செய்தியை நான் நம்புவதில்லை. கூப்பிட்டு, "கண்ணு முன்னால என்ன தெரியுது?" என்று கேட்பேன். "சின்னாளப்பட்டி சேலைக்கடை போர்டு தெரியுதுப்பா, போதுமா?" என்று சலித்துக்கொள்வாள்.

அடக்கத்தன்று பேகம்பூர் பள்ளிவாசல் வாசலில் நிற்கும்போது அவளே கூப்பிட்டாள். "போய்ச் சேந்துட்டீங்களா? கண்ணு முன்னால என்ன தெரியுதுப்பா?"

காதரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்று மேட்டில் நின்று சொன்னதுபோலவே, கண்ணில் பட்டதைச் சொன்னேன்: "பள்ளிவாசல் வாசல். காதர் மாமாவைத் தூக்கிட்டு வர்றாங்கம்மா." அவனுடையதாக என்னிடம் இருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான்.