பென்சில் கோடு

கிளிஞ்சல்மேட்டில் எங்கள் ஃபைபர் படகின் விரிசலுக்கு ஒட்டுப் போட்டவர் காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். மற்ற படகுகள் கிளம்பிக்கொண்டிருந்தன. தம்பி வலையோடு நின்றான். சோதித்துப் பார்க்க அவர் ஒட்டாமல் விட்டிருந்த ஒட்டின் நுனியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன். ஒட்டு அசையவில்லை.

“நல்லாதானே புடிச்சிருக்கு, விடுங்க” என்றேன்.

“வெடுக்குன்னு இழுத்தா தாங்கும். கடல் நாள் முழுக்க மெல்ல இழுக்குங்க.”

நுனியில் தண்ணீர்க் கேனைத் தொங்கவிட்டு, ஒட்டியிருக்கும் பகுதி தொடங்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு உட்கார்ந்தார். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று அவர் காதுபடவே திட்டினேன். அவர் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரைமணி நேரத்தில் ஒட்டு கோட்டைத் தாண்டி விரலளவு பிரிந்திருந்தது. அவர் ஒட்டு முழுவதையும் உரித்தார். தம்பி வலையை மணலில் இறக்கினான்.

திட்டிய வார்த்தைகள் அத்தனையும் நினைவிருக்கின்றன. அவருக்கு நன்றி சொன்னேனா என்பதுதான் நினைவில்லை.