பவளக் குலத்து மாப்பிள்ளை

என் தங்கைக்கு அவள் புருஷன் எண்பதாயிரம் கடன் பட்டிருந்தார். வங்கியில் வாங்கினால் வட்டி கேட்பான், என்னிடம் வாங்கினால் நாலு பேர் முன்னால் சொல்லிக் காட்டுவேன், பெண்டாட்டியிடம் வாங்கினால் இரண்டு தொல்லையும் இல்லை என்று கணக்குப் போட்டு வாங்கிய கடன். மனிதர் டயர் கிடங்கில் கணக்கு எழுதுகிறவர். ஊரார் கணக்கையெல்லாம் சரியாகப் போடுவார். சொந்தக் கணக்கில் கோட்டை விட்டார்.

அது சும்மா வந்த பணம் இல்லை. என் தங்கை ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நீராவியில் நின்று, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. இரண்டு மாதத்தில் தருகிறேன் என்று வாங்கியவர், அதைக் கொண்டுபோய் உப்புத் தண்ணீரில் போட்டார். பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே உப்புத் தண்ணீரில்தான் போட்டார்.

அவர்கள் வீட்டு ஹாலில் சோபா இருந்த இடத்தில் இப்போது கண்ணாடித் தொட்டி இருக்கிறது. உள்ளே கடல். கடலில் இருக்கவேண்டிய பவளத்தை வாங்கி வந்து, கடல் மாதிரி தண்ணீர் கலந்து, கடல் மாதிரி அலை எழுப்ப மோட்டார் வைத்து, வெயில் மாதிரி அடிக்க ஒரு நீல விளக்கையும் தொங்கவிட்டு வளர்க்கிறார். அந்த விளக்கு வெளிச்சத்தில் வீட்டில் எல்லோருக்கும் பேய்க்களை. வந்தவர்கள் உட்கார பிளாஸ்டிக் நாற்காலி. ஸ்விட்ச் பலகையெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கும். வடிகட்டிய நல்ல தண்ணீர் தொட்டிக்கு, குழாய்த் தண்ணீர் குடும்பத்துக்கு. காலையில் எழுந்ததும் தன் முகத்தைக் கழுவுவதற்கு முன்னால் தொட்டித் தண்ணீரைச் சின்னச் சின்னக் குப்பியில் எடுத்து, மருந்து சொட்டி, நிறம் பார்ப்பார். அவருக்கே சர்க்கரை நோய். அதை வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் அதிகம்.

மாப்பிள்ளையைப் பற்றி நல்லதாகவும் நாலு வார்த்தை சொல்லவேண்டும். குடிக்கமாட்டார், சீட்டாட மாட்டார், ஊர் சுற்ற மாட்டார். அந்த மூன்றுக்கும் ஆகிற செலவைத் தொட்டி ஒன்றே பார்த்துக்கொண்டது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கருகிப்போன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிச் சுற்றிக் கை காய்த்தவன். இன்று என் பட்டறையில் ஆறு பேர் சம்பளம் வாங்குகிறார்கள், கட்டடம் சொந்தம், ஒருவருக்கும் சல்லிக் காசு பாக்கி வைத்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது என்றால் அதனால்தான்.

மாப்பிள்ளை வளர்த்தது தட்டுத் தட்டாகப் படர்கிற வகைப் பவளம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். எரிமலை, ராத்திரி ராணி, ஊதாச் சக்கரவர்த்தி. கட்டை விரல் அளவுத் துண்டை ஒரு பீங்கான் வில்லையில் ஒட்டித் தருவார்கள். வில்லையின் அடிப்பக்கம் வளர்த்தவனுடைய முத்திரை கீறியிருக்கும். இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்குள் அந்த வில்லைதான் குலம் கோத்திரம். வில்லையோடு இருந்தால் சக்கரவர்த்தி, வில்லை போனால் அநாதை.

“மச்சான், இதோட தாய்ப் பவளம் யார் வீட்டுல இருந்துச்சு தெரியுமா? அதோட தாய் எங்கிருந்து வந்துச்சு தெரியுமா?” என்று ஒருநாள் ஆரம்பித்தார்.

“உங்க தாத்தாவோட அப்பா பேர் என்ன மாப்பிள்ளை?” என்று கேட்டேன்.

யோசித்தார். இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்.

நிலைமை இப்படி இருக்கும்போது சலவைக் கடையின் வயதான முதலாளி, கடையை விட்டுவிட்டுத் தன் மகள் வீட்டோடு போய் இருக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். கடையை, இஸ்திரி மேசை, நீராவி இயந்திரம், வாடிக்கையாளர் எல்லாம் சேர்த்து முதலில் என் தங்கைக்குத்தான் தருவேன் என்றார். எண்பதாயிரம் முன்பணம் வைத்தால் போதும், மீதியைத் தொழில் செய்து கட்டலாம். அடுத்த மாத முடிவுக்குள் வைக்காவிட்டால் பக்கத்து மருந்துக் கடைக்காரனுக்கு. அவன் கிடங்குக்கு இடம் தேடிக்கொண்டிருந்தான். கடை அவன் கைக்குப் போனால் என் தங்கைக்குக் கடையும் இல்லை, வேலையும் இல்லை.

அன்றைக்கே வந்து புருஷனிடம் கேட்டாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

“என்னங்க, என் பணம் வேணும்.”

“பணமா? அது வளர்ந்துக்கிட்டு இருக்கு, பாரு.” தொட்டியைக் காட்டினார். “நம்ம பல் டாக்டர் எல்லாத்தையும் சேர்த்துத் தொண்ணூறாயிரத்துக்குக் கேட்டிருக்கார். உனக்கு எண்பது. லாபம் பத்து எனக்கு.”

“அப்ப கூப்பிடுங்க அவரை.”

பல் டாக்டர் வந்தார். அவர் வீட்டில் இதைவிடப் பெரிய கடல். தொட்டியருகில் குனிந்து, நோயாளி வாயைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார். ஊதாச் சக்கரவர்த்தியின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது.

“இது என்ன சார் வெள்ளை?”

“வளர்ற ஓரம் டாக்டர். புதுசா வளர்றப்ப வெள்ளையாத்தான் இருக்கும்.”

“வளர்ற ஓரம் வெளிப்பக்கம் இருக்கும். இது உள்பக்கத்துல இருந்து போகுது. எதுவோ தின்னுது. சுத்தமானப்புறம் சொல்லுங்க. இதை என் தொட்டியில போட்டா என்னுதும் போயிடும்.” காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

அதற்கப்புறம் மாப்பிள்ளை செய்த வைத்தியம் இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது. முதலில் விளக்கின்மேல் பழி. கூட்டினார், குறைத்தார், ஹாலே இருண்டது. அடுத்து உப்பு சரியில்லை என்று வேறு மூட்டை. பிறகு சமையல் புகை என்றார். ஒரு வாரம் என் தங்கை பின்பக்க வராந்தாவில் சமைத்தாள். பக்கத்து வீட்டில் கதவுக்கு வர்ணம் அடித்தது காரணம் என்று அவர்களோடு சண்டை. கடைசியில் என்னைப் பார்த்து, “மச்சான், நீங்க கையில ஆயில் கறையோட தொட்டியைத் தொட்டீங்களா?” என்றார்.

“நான் தொட்டிருந்தா அது ஓடியிருக்கும் மாப்பிள்ளை. நான் தொட்டு ஓடாத பொருளே கிடையாது.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தவர் துள்ளிக் குதித்தார். எள்ளளவு வெள்ளைப் பூச்சி. முதுகெல்லாம் ஜாலர் வைத்த மாதிரி இருந்தது. ஓடில்லாத கடல் நத்தையாம். அந்த வகைப் பவளத்தைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காதாம். நம் மாப்பிள்ளையைப் போலவே ஒரே பிடிவாதம்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் முழுக்கு. வாளியில் பழுப்பு மருந்தைக் கலந்து பவளங்களை முக்கி, ஊசி போடுகிற குழாயால் பீச்சி அடிப்பார். நத்தைகள் உதிரும். உதிர்ந்ததைப் பார்த்து, போரில் ஜெயித்த மாதிரி முகம் மலரும். திருப்பித் தொட்டியில் வைப்பார். அடுத்த ஞாயிறு அதே கூட்டம், அதே முழுக்கு. நடுவில் நத்தை தின்னும் என்று மஞ்சள் மீன் ஒன்றை வாங்கி விட்டார். அது நத்தையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், போடுகிற தீனியைத் தின்றுவிட்டுக் கல்லிடுக்கில் படுத்துக்கொண்டது.

“அதுக்கு ஒரு நாற்காலி போடுங்க, அண்ணனோட உட்கார்ந்து பேசட்டும்,” என்றாள் தங்கை.

என்னை ஏன் இழுத்தாள் என்று தெரியவில்லை. இருந்தாலும் சிரித்தேன்.

மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் என்றபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. மாப்பிள்ளைக்கு அந்த முழுக்கு மருந்து, மீன் எல்லாம் விற்ற வளர்ப்பு மீன் கடைக்கு நேரே போனாள். கூடவே நானும். கடைக்காரன் வலையால் மீன் பிடித்துக்கொண்டே கேட்டான்.

“இன்னுமா போகலை? சாருக்கு முதல் நாளே சொன்னேனேம்மா. மருந்து நத்தையைக் கொல்லும், முட்டையைத் தொடாது. முட்டையெல்லாம் வில்லைக்கு அடியில இருக்கும். வில்லையை வெட்டி எறிஞ்சுட்டு, பவளத்தை மட்டும் தனித் தொட்டியில வைங்கன்னு சொன்னேன்.”

“முதல் நாளேவா?”

“அவருக்கே தெரியும்மா. தலையை ஆட்டினாரு.”

அவள் நடந்த வேகத்துக்கு நான் பின்னால் ஓடவேண்டியிருந்தது. எனக்கே பயமாக இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் வாளிக்குப் பக்கத்தில் நின்றாள். “வில்லையை ஏங்க வெட்டலை?”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் மோட்டாரைப் பார்த்தேன்.

“உனக்குப் புரியாது. வில்லை போனா அதுக்கு அடையாளமே போச்சு. அப்புறம் அது வெறும் பவளம்.”

“கடல்ல இருக்கிறது என்ன பட்டம் வாங்கின பவளமா?”

“டாக்டர் விலையைக் குறைச்சிடுவார்.”

“இப்ப எவ்வளவு தர்றாரு?”

மாப்பிள்ளை வாளியைக் காலால் ஓரமாக நகர்த்தினார்.

“உங்க பூச்சிக்கு நீங்களே தொட்டில் கட்டி, வாரா வாரம் குளிப்பாட்டி உள்ளே விட்டிருக்கீங்க. நான் கடையில நின்னு நின்னு கால் வீங்கிச் சேர்த்தது இதுங்க முட்டை போடவா?” என்று சொல்லிக்கொண்டே ராத்திரி ராணியை எடுத்தாள். கவிழ்த்தாள். வில்லையின் முத்திரைமேலேயே வெள்ளை வெள்ளையாகச் சுருள் சுருளாக ஒட்டிக்கிடந்தது முட்டை. குலம் கோத்திரம் எது என்றே தெரியாதபடி மூடியிருந்தது.

என் பையில் எப்போதும் வெட்டுக்குறடு இருக்கும். நல்ல எஃகு, என் சொந்தச் சம்பாத்தியத்தில் முதன்முதலாக வாங்கியது. மாப்பிள்ளை கையில் கொடுத்தேன். மனிதர் முதல் வில்லையை வெட்டும்போது கண்ணை மூடிக்கொண்டார். ஐந்தாறு ஆனபிறகு திறந்து வைத்துக்கொண்டே வெட்டினார். வெட்டியதை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, சின்ன மோட்டாரும் சூடேற்றியும் போட்டுக் கொடுத்தேன். அந்த மோட்டார் என் பட்டறைச் சரக்கு, சத்தமே வராது. பெரிய தொட்டியில் மிஞ்சிய நத்தைகள் தின்ன ஒன்றுமில்லாமல் பட்டினி கிடந்து செத்தன. தனித்தொட்டியில் மறுபடி மறுபடி முழுக்குப் போட்டும் ஒரு நத்தைகூட விழவில்லை. வெள்ளை நின்றது. ஓரத்தில் ஊதா ஏறியது.

அதற்குள் கெடு முடிந்துவிட்டது. தங்கை முதலாளி வீட்டுக்குப் போய் நின்று, இருபது நாள் அவகாசம் வாங்கி வந்தாள். மருந்துக் கடைக்காரன் தினமும் அளவு நாடாவை எடுத்து வந்து சலவைக் கடைச் சுவரை அளந்துவிட்டுப் போனான்.

பல் டாக்டர் மறுபடி வந்தார். இந்தத் தடவை பூதக்கண்ணாடி அவருடையது. புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“சுத்தமா இருக்கு. வில்லை எங்கே?”

“வெட்டிட்டேன் டாக்டர்.”

“அப்ப இது சக்கரவர்த்திதான்னு நான் எப்படி நம்புறது?”

“நான் சொல்றேனே டாக்டர்.”

“நீங்க வளர்ற ஓரம்னுகூடத்தான் சொன்னீங்க.”

அறுபதுக்குமேல் ஒரு காசு ஏறவில்லை. மாப்பிள்ளை என்னை ஓரமாக அழைத்துப்போய், “மச்சான், ஒரு இருபது மட்டும்...” என்றார்.

“பெண்டாட்டிகிட்ட கடன் வாங்கினவனுக்கு நான் கடன் கொடுக்கறதில்லை மாப்பிள்ளை. அந்த விளக்கு இருக்கே?”

முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் விளக்கைத் தானே கழற்றினார். ஸ்டூலில் ஏறி, கம்பியை அவிழ்த்து, துணியால் துடைத்து டாக்டரிடம் கொடுத்தார். விளக்குக்குப் பதினாறு, அலை மோட்டாருக்கு நாலு. ஹாலில் வெகுநாள் கழித்துச் சாதாரண வெளிச்சம் அடித்தது. என் தங்கைக்கு அங்கங்கே நரைத்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

டாக்டர் போனதும் அவள் இஸ்திரிச் சூட்டில் காய்த்த கையை நீட்டினாள். சவுடால் எல்லாம் அடங்கிப்போன மாப்பிள்ளை, நோட்டுகளை ஆயிரம் ஆயிரமாக வாய்விட்டு எண்ணி அந்தக் கையில் வைத்தார். எழுபத்தெட்டில் நின்றது.

“அவ்வளவுதான். டாக்டர் குறைச்சுக் கொடுத்திருப்பார் போல.”

கை மூடவில்லை. நீட்டினபடியே இருந்தது.

“ஒரு மூட்டை உப்புக்கு மட்டும்...” என்றார்.

அந்தக் கை இன்னும் ஒரு விரற்கடை முன்னால் வந்தது. சட்டைப்பையிலிருந்து மடித்து வைத்த நாலு ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்தார். மடிப்பைப் பிரித்தார்.

“எழுபத்தொம்பது,” என்று வைத்தார். “எண்பது.”