பக்கத்துக் கடைப் பிள்ளை

நேற்று புது ஒயர் கட்டு ஒன்றைப் பிரித்தபோது எழுந்த பிளாஸ்டிக் வாசம், இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட எங்கள் சந்தைத் திடலுக்கு என்னை இழுத்துப் போய்விட்டது. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஞாயிறுதோறும் அம்மா அங்கே சாக்கை விரித்து, வாரமெல்லாம் பின்னிய ஒயர் கூடைகளை அடுக்குவாள். ஒருபுறம் வெங்காயம் கொட்டுகிற சத்தமும் மறுபுறம் ஆடுகளின் கத்தலுமாக இருக்க, வருகிறவர்கள் கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள்.

நான் ஆறாவது படிக்கையில் ஒருநாள் என் டீச்சர் கூடை வாங்க வந்துவிட்டார். வெட்கத்தில் கூடைகளுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

"அங்க ஒளிஞ்சிருக்கறது உங்க பொண்ணா?" என்றார் டீச்சர்.

அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். "இல்லீங்க, அது பக்கத்துக் கடைப் புள்ளைங்க."

அந்தக் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து, "இவங்க எங்கம்மா, டீச்சர்" என்றேன்.

டீச்சர் போனதும், "எதுக்கு சாமி சொன்ன?" என்று கேட்டுக்கொண்டே அம்மா என்னைத் தன்னோடு சேர்த்து உட்கார வைத்தாள். அன்று பொழுதுசாயும்வரை, வந்தவர்களிடமெல்லாம், யாரும் கேட்காமலே, "இது எம்பொண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.