பதினோராவது பொருள்

தேவசகாயம் வக்கீலானபோது காலனியில் யாரும் விழா எடுக்கவில்லை. லாரி ஷெட்டில் டிங்கர் வேலை செய்த சாமுவேல் மட்டும் வந்து, "இந்த வெயில்ல கறுப்புக் கோட்டா? வெந்துடுவபா" என்றுவிட்டுப் போனார்.

காஞ்சிபுரம் கோர்ட்டில் ஒன்பது வருடம். ஜாமீன் மனுக்கள், வாடகைத் தகராறுகள். ஒருமுறை காலனிக் கல்லறைக்குப் போகும் பாதையில் வேலி போட்டவர்மீது தடையுத்தரவு வாங்கினார். வேலியைப் பிடுங்கிய அன்று சாமுவேலின் மனைவி சம்பூர்ணம் சொன்னாள்: "எலெக்‌ஷன்ல நில்லுபா. நம்ம ஆளு ஒருத்தன் உள்ள இருந்தாதான் இந்தப் பாதை நிக்கும்."

1996இல் நின்றார், ஜெயித்தார். நகரை ஒட்டிய ஒரு பேரூராட்சியில், பதினைந்து உறுப்பினர்களில் எதிர்க்கட்சி இவரோடு சேர்த்து நான்கு பேர். சட்டம் தெரிந்தவர் இவர்தான். நன்றாகப் பேசினார். பேசினால் பத்திரிகையில் வராது, வெளிநடப்புச் செய்தால் படத்தோடு வரும் என்பது இரண்டு வருடத்தில் புரிந்தது.

1999, வைகாசித் திருவிழாவுக்கு முந்தைய கூட்டம். நிகழ்ச்சி நிரலில் முதல் பொருள், நுழைவு வளைவுக்கு யார் பெயர். பதினோராவது, கல்லறைப் பாதையைத் திருவிழாவுக்கு வரும் வேன்கள் நிறுத்தக் குத்தகைக்கு விடுவது. அதற்காக மூன்று பக்கம் எழுதி வந்திருந்தார். வளைவிலேயே சண்டை வந்தது.

"போட்டோக்காரன் வந்துக்கினு இருக்கான். எழுந்திருபா" என்றார் கட்சிக் குழுத் தலைவர்.

தேவசகாயம் எழுந்தார். பதினோராவது பொருளுக்கு என் ஆட்சேபணையைப் பதிவு செய்யுங்கள் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். தன்னிடம் வரும் எவருக்கும் அதைத்தான் சொல்லியிருப்பார். சொல்லவில்லை. மறுநாள் பத்திரிகையில் வந்த வெளிநடப்புப் படத்தில் அவர் கைதான் எல்லோருடையதையும்விட உயரத்தில் இருந்தது.

குத்தகையை எதிர்த்து வழக்குப் போட்டார். மனுதாரரும் அவரே, வக்கீலும் அவரே. எதிர்த்தரப்பு இரண்டு தாள்களை நீட்டியது. ஒன்று, அன்றைய வருகைப் பதிவேடு. இன்னொன்று தீர்மான நகல்; அதில் பதினோராவது பொருளுக்கு நேரே, 'மறுப்பு ஏதுமின்றி நிறைவேறியது.'

"இது உங்க கையெழுத்துதானே?" என்றார் நீதிபதி.

"ஆமாம்."

"ஆட்சேபணை எழுதிக் கொடுத்தீங்களா?"

"இல்லை."

பின்வரிசையில் சாமுவேலும் சம்பூர்ணமும் கோயிலுக்குப் போகும் உடுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் திரும்பவில்லை. அடுக்கிய காகிதங்களையே மறுபடி அடுக்கினார்.

அடுத்த வருடம், திருவிழா சமயத்தில், சாமுவேல் இறந்துபோனார். பாதை முழுக்க வேன்கள். பெட்டி தோள்களில் நின்றது. ஓடிப்போய்த் தோள் கொடுக்கக் குனிந்த தேவசகாயத்தைச் சம்பூர்ணம் தடுத்தாள்.

"நீ தூக்க வேணாம். வெளிய போறதுல கெட்டிக்காரன் ஆச்சே நீ. முன்னால போ. வண்டிய எடுக்கச் சொல்லு."

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கியது கேட்டது. தேவசகாயம் கட்சித் துண்டை உருவிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு முதல் வேனின் கண்ணாடியைத் தட்டினார். தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் எரிச்சலோடு இறக்கினார்.

"இன்னாபா? நீ யாரு, கவுன்சிலரா?"

"இல்லபா" என்றார். "சாவுக்கு வந்தவன்."

வேன் பின்னால் நகர்ந்தது. இன்னும் ஆறு இருந்தன.